இளைஞரின் ஒரு நாள்: அதனை அறியப் புகுந்தோர் வரலாறு

பத்து வயதுக்கும் இருபது வயதுக்கும் இடைப்பட்ட பருவத்தைப் பற்றிப் பேசாதார் உலகில் இலர். பெற்றோர் பேசுவர், ஆசிரியர் பேசுவர், மேடையேறுவோரும் பத்திரிகை எழுதுவோரும் பேசுவர். "இக்காலத்துப் பிள்ளைகள்" என்று தொடங்கும் வாக்கியம் பெரும்பாலும் குறை கூறியே முடிவதை நாம் யாவரும் கேட்டிருக்கிறோம். ஆனால், அப்பிள்ளைகள் காலை எழுந்தது முதல் இரவு உறங்கும்வரை எங்கே இருக்கின்றனர், யாருடன் இருக்கின்றனர், என்ன செய்கின்றனர், அதைச் செய்யும்போது அவர்தம் மனம் எவ்வாறு இருக்கின்றது என்று வினவினால், பேசியவருட் பலர் வாய் மூடுவர். இவ்வினாக்களுக்கு விடை காண மேற்கொள்ளப்பட்ட முறைகளின் வரலாறே இக்கட்டுரையின் பொருளாகும். இளைஞரைப் பற்றிப் பிறர் சாட்சி சொல்லிய நிலை மாறி, இளைஞர் தம்மைப் பற்றித் தாமே, அதுவும் நிகழ்ச்சி நடக்கும் அக்கணத்திலேயே, சாட்சி சொல்லும் நிலை ஏற்பட்டதே இவ்வரலாற்றின் சாரம்.

புயற்பருவம் என்ற கொள்கை

கட்டிளமைப் பருவத்தை ஒரு தனி ஆராய்ச்சிப் பொருளாக்கியவர் அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்ரான்லி ஹோல் என்பவர். 1904ஆம் ஆண்டில் அவர் இரண்டு பெருந் தொகுதிகளாகக் "கட்டிளமைப் பருவம்" என்னும் நூலை வெளியிட்டார். அப்பருவம் புயலும் அலைக்கழிப்பும் நிறைந்தது. பெற்றோருடன் பிணக்கும், மனநிலையிற் கொந்தளிப்பும், துணிகரச் செயல்களில் நாட்டமும் அதன் இயல்புகள் என்பது அவர் கருத்து. இக்கருத்து மிக விரைவிற் பரவிற்று. இன்றும் வகுப்பறைகளிலும் வீடுகளிலும் அதன் எதிரொலி கேட்கின்றது.

இதனை மறுத்தவர்களுள் மாகிரற் மீட் அம்மையார் பேர்பெற்றவர். பசிபிக் சமுத்திரத்துச் சமோவாத் தீவுகளிலே அங்குள்ள பெண்பிள்ளைகளோடு பழகி, அவர்கள் இப்பருவத்தை அமைதியாகவே கடக்கின்றனர் என 1928இல் அவர் எழுதினார். புயல் இயற்கையினால் வருவதன்று, சமுதாய அமைப்பினால் வருவது என்பது அவர் முடிபு. ஆயினும் 1983இல் டெறெக் பிறீமன் என்னும் மானிடவியலாளர் அம்மையாரின் கூற்றைக் கடுமையாகக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். அதனால் மூண்ட வாதம் நெடுங்காலம் ஓயவில்லை.

இவ்விருதிறத்தாரில் யார் சரி என்று தீர்ப்பது எம் நோக்கமன்று. இரு பக்கத்திலும் பேசியவர் வயதிலும் கல்வியிலும் முதிர்ந்தவர்கள் என்பதையே இங்கு கவனித்தல் வேண்டும். ஓர் இளைஞனின் சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை எவ்வாறு கழிந்தது என்பது அவ்வாதத்தில் எவராலும் அளந்து காட்டப்படவில்லை.

கண்காணித்தலும் நாட்குறிப்பும்

"கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது எம்மவர் பழமொழி. கண்ணாற் காணும் முறையை அதன் எல்லைவரை கொண்டு சென்றோர் றொஜர் பார்க்கர், ஹேர்பேட் றைற் என்னும் இருவராவர். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து ஒஸ்கலூசா என்ற சிற்றூரில் 1947இல் அவர்கள் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினர். 1949ஆம் ஆண்டு ஏப்ரில் 26ஆந் திகதி, ஏழு வயதுச் சிறுவன் ஒருவனைக் காலையில் அவன் கண் விழித்தது முதல் இரவு உறங்கச் செல்லும்வரை பலர் முறை வைத்துப் பின்தொடர்ந்து, அவன் செய்தன பேசினவெல்லாம் நிமிடந்தோறும் குறித்தனர். அக்குறிப்புக்களே 1951இல் "ஒரு சிறுவனின் ஒரு நாள்" எனும் முழு நூலாக வெளிவந்தன.

இது போற்றத்தக்க உழைப்பே. ஆயினும் இம்முறை கட்டிளம் பருவத்தினருக்குப் பொருந்துமா? ஏழு வயதுப் பாலகன் தன் பின்னே குறிப்பேட்டுடன் ஒருவர் வருவதைச் சிறிது நேரத்தில் மறந்துவிடுவான். பதினைந்து வயதுப் பிள்ளை மறக்குமா? தோழருடன் பேசும் பேச்சு அன்று வேறாகிவிடும். அன்றியும், காண்பவன் கையையும் காலையும் காண்பானேயன்றி மனத்தைக் காணான். வகுப்பிலே நிமிர்ந்திருந்து கரும்பலகையை நோக்கும் மாணவனின் உள்ளம் எங்கே அலைகின்றது என்பதை அருகிலிருக்கும் ஆசிரியரும் அறியார்.

மற்றொரு வழி, ஒருவரையே தம் நாளைக் குறித்து வைக்கும்படி கேட்பது. 1934இல் ஜோர்ஜ் லுண்ட்பேர்க்கும் அவர் கூட்டாளிகளும் நியூயோர்க் நகரின் அயலிலுள்ள மக்களின் நாட்குறிப்புக்களைக் கொண்டு ஓய்வு நேரத்தை ஆராய்ந்தனர். 1960களின் நடுவில் ஹங்கேரி நாட்டு அறிஞர் அலெக்சாண்டர் சாலாய் பன்னிரண்டு நாடுகளைச் சேர்த்து மாபெரும் நேரக்கணக்கு ஆராய்ச்சி ஒன்றை நடத்தினார். அதன் பெறுபேறுகள் 1972இல் நூலாயின. எத்தனை மணி உழைப்பு, எத்தனை மணி உறக்கம், எத்தனை மணி சமையல் என்பவற்றை அக்கணக்குத் தெளிவாகக் காட்டிற்று. ஆனால் அது பெரும்பாலும் வளர்ந்தோரின் கணக்கு. மேலும், ஒரு மணி நேரம் படித்தேன் என்ற குறிப்பு, அந்த மணி நேரம் இனித்ததா கசந்ததா என்று கூறாது.

"சென்ற வாரம் எப்படி இருந்தது?" என்று பின்னர் கேட்டால் என்ன என்று சிலர் எண்ணலாம். மனித நினைவு ஒழுங்கான கணக்கப்பிள்ளை அன்று. 1996இல் டொனால்ட் றெடெல்மையர், டேனியல் கானமன் என்போர் வேதனை தரும் வைத்தியப் பரிசோதனைக்கு உட்பட்ட நோயாளரைக் கொண்டு இதனை நன்கு விளக்கினர். நோயாளர் பின்னர் நினைத்துச் சொன்ன வேதனை, அவர்கள் பட்ட மொத்த நேரத்தைப் பொறுத்ததாக இருக்கவில்லை. மிகக் கடுமையான கணத்தையும் இறுதிக் கணத்தையுமே பெரிதும் பொறுத்திருந்தது. வளர்ந்தோர் நினைவே இவ்வாறாயின், நாளொன்றிற் பலமுறை மனநிலை மாறும் இளைஞரின் வாராந்த நினைவை எங்ஙனம் நம்புவது?

சிக்காக்கோவில் ஒலித்த மணி

இந்த இடர்ப்பாட்டுக்கு வழி கண்டவர் மிகாலி சிக்சென்ட்மிகாயி என்பவர். இவர் ஹங்கேரியப் பெற்றோருக்கு 1934இல் அன்றைய இத்தாலியைச் சேர்ந்த ஃபியூமே நகரிற் பிறந்து, இரண்டாம் உலகப் போரின் அழிவைச் சிறுவயதிலே கண்டு, இருபத்திரண்டாம் வயதில் அமெரிக்கா சென்று, சிக்காக்கோ சர்வகலாசாலையிற் பயின்று, பின் அங்கேயே பேராசிரியராக விளங்கியவர், 2021இற் காலமானார். மனிதர் எப்பொழுது மனநிறைவோடு இருக்கின்றனர் என்பதே அவர் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த வினா. இவருடன் சேர்ந்து உழைத்தவர் றீட் லார்சன் என்னும் இளம் ஆராய்ச்சியாளர்.

அக்காலத்தில் வைத்தியர்கள் அவசர அழைப்புக்காகப் பேஜர் எனப்படும் சிறு கருவியை இடுப்பிற் செருகித் திரிந்தனர். தூரத்திலிருந்து வானலை மூலம் குறி அனுப்பினால் அது ஒலி எழுப்பும். 1970களில் இந்த ஆராய்ச்சியாளர் அதே கருவியை மாணாக்கரிடம் கொடுத்தனர். அதனுடன் சிறு வினாத்தாள்கள் அடங்கிய ஏடு ஒன்றையும் கொடுத்தனர். கருவி ஒலித்தவுடன் மாணாக்கர் செய்கின்ற காரியத்தைச் சற்றே நிறுத்தி, ஒரு தாளை நிரப்ப வேண்டும். எங்கே இருக்கிறீர்? யாருடன் இருக்கிறீர்? என்ன செய்கிறீர்? என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்? எவ்வளவு கவனத்துடன் செய்தீர்? வேறெதையேனும் செய்திருக்கலாமே என்று விரும்பினீரா? மகிழ்ச்சியா துக்கமா, சுறுசுறுப்பா சோர்வா என்பன போன்ற எதிர்ச்சொற்களுக்கு இடையே ஏழு படிகள் உண்டு. தம் நிலைக்குரிய படியிற் புள்ளடி இடல் வேண்டும். இரண்டொரு நிமிடத்தில் முடியும் வேலை.

நேரத்தைத் தெரிந்த விதமே இம்முறையின் உயிர்நாடி. விழித்திருக்கும் நேரத்தைச் சுமார் இரண்டு மணி நேரக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றிலும் ஏதேனும் ஒரு கணத்தில் எழுந்தமானமாக ஒலி எழுப்பினர். அடுத்த ஒலி எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. ஆதலால் ஒருவர் தம்மை ஒழுங்குபடுத்திக்கொண்டு பதில் எழுத இயலாது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுபோல, ஒரு வாரத்திற் கிடைத்த ஐம்பதளவான கணங்கள் அவ்வாரம் முழுவதற்கும் மாதிரியாயின. இதனாலேயே இதற்கு அனுபவ மாதிரியெடுப்பு முறை என்று பெயர் வந்தது.

1977இல் இருபத்தைந்து கட்டிளம் பருவத்தினரைப் பற்றிய முதற் கட்டுரை வெளியாயிற்று. பின்பு சிக்காக்கோவின் புறநகர் உயர்தரப் பாடசாலை மாணாக்கர் எழுபத்தைவரைக் கொண்டு செய்த விரிந்த ஆராய்ச்சி, 1984இல் சிக்சென்ட்மிகாயியும் லார்சனும் எழுதிய "கட்டிளைஞராய் இருத்தல்" என்னும் நூலாக வெளிவந்தது.

இளைஞர் கொடுத்த சாட்சி

அந்நூல் காட்டும் கணக்கைச் சிறிது நோக்குவோம. அம்மாணாக்கர் விழித்திருந்த நேரத்தில் 41 சதவீதம் வீட்டிலும், 32 சதவீதம் பாடசாலையிலும், 27 சதவீதம் பொது இடங்களிலும் கழிந்தது. செய்கைகளை நோக்கின், படிப்பும் தொழிலும் 29 சதவீதம். உண்ணல், உடுத்தல், பிரயாணம் போன்றவை 31 சதவீதம். ஓய்வும் பொழுதுபோக்கும் 40 சதவீதம். நண்பரோடும் வகுப்புத் தோழரோடும் கழிந்த நேரம் பாதிக்கு மேல். குடும்பத்தாருடன் கழிந்தது 19 சதவீதமே. தனிமையிற் கழிந்ததோ 27 சதவீதம்.

எண்களினும் அவற்றோடு சேர்ந்து வந்த மனநிலையே பெரிது. நண்பருடன் இருக்கையில் அவர்கள் மிக்க மகிழ்ச்சியோடு இருந்தனர். வகுப்பறையில் கவனம் செலுத்த முயன்றும், அவ்விடத்தில் இருப்பதை விரும்பாதோர் பலர். எனினும் விளையாட்டு, இசை, கைவேலை போன்று திறமையும் சவாலும் ஒருங்கே வேண்டிய காரியங்களில் ஈடுபட்டபோது கவனமும் விருப்பமும் ஒன்று சேர்ந்தன. கடினமானதை இளைஞர் வெறுப்பர் என்ற எண்ணம் இவ்வாறு தவறாயிற்று. தமக்கு எட்டும் கடினத்தை அவர்கள் வெறுக்கவில்லை. எட்டாததையும் பொருள் விளங்காததையுமே வெறுத்தனர்.

புயற்பருவக் கொள்கைக்கும் இங்கே ஒரு சோதனை கிட்டிற்று. 1980இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, இதே முறையால் இளைஞரையும் வளர்ந்தோரையும் ஒப்பிட்டது. இளைஞரின் மனநிலை வளர்ந்தோரின் மனநிலையிலும் அதிகமாகவும் விரைவாகவும் ஏறி இறங்குகின்றது என்பது உண்மையாயிற்று. அவ்வளவில் ஹோல் கூறியது சரியே. ஆனால் அவ்வாறு ஏறி இறங்குவோர் மனக்கோளாறு உடையவரோ, வாழ்க்கையிற் பொருந்தாதவரோ அல்லர் என்பதும் உடன் தெரிந்தது. காலையிற் சினந்த பிள்ளை மாலையிற் சிரிப்பது நோயன்று. அது அப்பருவத்தின் நடை.

தனிமை பற்றிய முடிபும் சிந்திக்கற்பாலது. தனித்திருக்கும்போது இளைஞர் சற்றே சோர்ந்திருந்தனர். எனினும் 1997இல் லார்சன் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, ஏழாம் வகுப்பு முதலான மாணாக்கர் தனித்திருந்து மீண்டபின் முன்னினும் நல்ல மனநிலையுடன் இருந்தனர். முற்றிலும் தனிமையின்றி இருந்தோரையும், மிகையாகத் தனித்திருந்தோரையும் விட, மிதமாகத் தனித்திருந்தோரே நன்கு பொருந்தி வாழ்ந்தனர். அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளையைக் கண்டவுடன் ஐயுறும் பெற்றோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

ஒரு கூரையின்கீழ் வெவ்வேறு உலகம்

அடுத்த படியாக, லார்சனும் மரீஸ் றிச்சாட்ஸ் அம்மையாரும் ஐம்பத்தைந்து குடும்பங்களில் தாய், தந்தை, பிள்ளை மூவரிடமும் கருவியைக் கொடுத்து, மூவருக்கும் ஒரே கணத்தில் ஒலி எழுப்பினர். இது 1994இல் நூலாயிற்று. ஒரே மேசையைச் சுற்றி இருந்தும் மூவர் உள்ளமும் மூன்று வேறு உலகில் இருந்தன. தந்தைக்கு வீடு இளைப்பாறும் இடம். தாய்க்கோ அதுவே வேலைத்தலம், ஆதலால் அவர் வெளியிலே கூடுதலாக மகிழ்ந்திருந்தார். பிள்ளையின் மனநிலையைப் பெற்றோர் அறிந்திருப்பதாக எண்ணிய இடங்களிலும் பிள்ளை எழுதியது வேறாக இருந்தது.

1996இல் வெளியான தொடராராய்ச்சியில் 220 இளைஞர் 16,477 கணங்களைப் பதிந்தனர். பத்து வயதிலிருந்து பதினெட்டு வயதுக்குள் குடும்பத்தாருடன் கழியும் நேரம், விழித்திருக்கும் நேரத்தில் 35 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாகக் குறைந்தது. இவ்வெண்ணை மாத்திரம் கேட்ட தாய் கண்ணீர் விடுவாள். ஆனால் அதே ஆராய்ச்சி, தாயுடனோ தந்தையுடனோ தனித்து இருந்து பேசும் நேரம் குறையவில்லை என்றும், இப்பருவத்தின் தொடக்கத்தில் தாழ்ந்த இன்பம் பிற்பகுதியில் மீண்டும் உயர்ந்தது என்றும் கூறுகின்றது. உறவு அறுவதில்லை, உருமாறுகின்றது.

அயலகத்துச் செய்தி

இதுகாறும் கூறியவை அமெரிக்க இளைஞர் செய்தி. எமக்கு அணித்தான பாரதத்தில் பேராசிரியை சுமன் வேர்மா, தீபாலி ஷர்மா, லார்சன் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆராய்ச்சி எம் சிந்தைக்கு மேலும் உரியது. எட்டாம் வகுப்பு மாணாக்கர் நூற்றுவர் எழுந்தமானமான கணங்களில் 4,764 பதில்களை எழுதினர். விழித்திருந்த நேரத்தில் மூன்றிலொரு பங்கு படிப்புக்கே சென்றது. படிக்கும் கணங்களில் மனம் சோர்ந்தும், தம் செயல் தம் வசத்தில் இல்லை என்ற உணர்வுடனும் இருந்தனர். வீட்டுப்பாடத்தில் அதிக நேரம் செலவிட்டோரிடம் உள்ளடங்கிய மனத்துயர் அதிகம். சரி, ஓய்வை அதிகம் நாடியோர் தப்பினரா? அவர்தம் மனநிலை நன்றாயிருந்தது. ஆனால் பரீட்சை பற்றிய அச்சம் அவரிடம் மிகுந்தும், கல்விப்பேறு குறைந்தும் காணப்பட்டன. படித்தால் துயர், படியாவிடின் பயம் என்ற இருதலைக்கொள்ளி நிலை இது.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை, சாதாரண தரம், உயர் தரம் என்று படி படியாகப் பரீட்சை ஏறும் எம் நாட்டு மாணாக்கருக்கு இந்நிலையை விளக்க வேண்டுவதில்லை. பாடசாலை விட்டதும் ரியூசன் வகுப்பு, ரியூசன் விட்டதும் வீட்டுப்பாடம் என்று ஓடும் பிள்ளையின் பெறுபேற்றை நாம் எல்லோரும் கேட்கிறோம். மாலை ஐந்து மணிக்கு அப்பிள்ளையின் மனம் எப்படி இருந்தது என்று கேட்போர் எத்துணைபேர்?

கைத்தொலைபேசிக் காலம்

1990களிற் பேஜருக்குப் பதிலாக ஒலியெழுப்பும் கைக்கடிகாரம் வந்தது. 1994இல் ஆதர் ஸ்ரோன், சோல் ஷிப்மன் ஆகியோர் வைத்தியத் துறைக்கும் இத்தகைய முறைகளைக் கொண்டு சென்று, சூழலிற் கணநிலை மதிப்பீடு என்னும் பொருள்பட ஒரு பெயர் சூட்டினர். பின்னர் கைத்தொலைபேசி வந்தது. ஒலியும் வினாவும் விடையும் ஒரே கருவியில் அடங்கின. காகிதத்தாளைப் பிந்தி நிரப்பிவிட்டு உடன் நிரப்பியதாகக் காட்டும் வழியும் அடைபட்டது; ஏனெனில் விடை எழுதிய நேரத்தைக் கருவியே பதிந்துவிடும்.

இப்புதிய கருவியாற் பெற்ற பயனுக்கு ஓர் உதாரணம் போதும். சமூக ஊடகம் இளைஞரைக் கெடுக்கின்றதா என்பது இன்று எங்கும் கேட்கும் வினா. 2020இல் நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் அறுபத்துமூன்று இளைஞரை ஒரு வாரம் நாளொன்றுக்கு ஆறு முறை வினவி, 2,155 பதில்களை ஆராய்ந்தனர். பிறர் இட்டவற்றை வெறுமனே பார்த்தபின், 44 சதவீதத்தினர் மனநிலையில் மாற்றமில்லை; 46 சதவீதத்தினர் சற்று நன்றாக உணர்ந்தனர்; 10 சதவீதத்தினர் மோசமாக உணர்ந்தனர். எல்லோரையும் சேர்த்துச் சராசரி கண்டால் அந்தப் பத்துச் சதவீதத்தினர் மறைந்துபோவர். அவர்களை மட்டும் கண்டால் ஏனையோர் மறைந்துபோவர். ஆகவே "இளைஞர்" என்று ஒருமைப்படுத்திப் பேசுவதே பிழையாகும். பேச வேண்டியது ஒவ்வோர் இளைஞனையும் யுவதியையும் பற்றியே.

குறையும் எச்சரிக்கையும்

இம்முறை குறையற்றதன்று. ஒலித்த ஒவ்வொரு முறையும் எல்லோரும் விடை எழுதுவதில்லை. மிக மகிழ்ந்திருப்பவனும் மிகத் துயருற்றிருப்பவனும் எழுதாது விட்டுவிடலாம். அடிக்கடி மனத்தை நோக்கச் சொல்வதால் மனமே மாறவுங் கூடும். ஆராயப்பட்டோருட் பெரும்பாலோர் நகரத்து நடுத்தர வகுப்பினர். வயலிலும் கடலிலும் தோட்டத்திலும் உழைக்கும் பிள்ளைகளின் நாட்கள் மிகச் சிறிதளவே இக்கணக்கில் ஏறியுள்ளன.

இவற்றினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. பேஜர் ஒலித்தபோது மாணவன் ஒருவன் தான் எழுதுவதா விடுவதா என்று தானே தீர்மானித்தான். பேனா அவன் கையில் இருந்தது. இன்றைய கைத்தொலைபேசியோ, கேளாமலே இருப்பிடத்தையும், விழித்திருக்கும் நேரத்தையும், யாருடன் தொடர்பு என்பதையும் குறித்துவைக்க வல்லது. வியாபாரிகள் அவ்வாறு செய்தும் வருகின்றனர். நேர்மையான ஆராய்ச்சியாளர் பிள்ளையின் சம்மதத்தையும் பெற்றோரின் சம்மதத்தையும் முன்னரே பெறுவர், விரும்பாதபோது விலகும் உரிமையைக் கொடுப்பர், பெயரை மறைப்பர். அந்த ஒழுங்கு தளர்ந்தால், பின்தொடர்ந்து குறிப்பெடுத்த பழைய நிலைக்கே நாம் திரும்புவோம்; வேறுபாடு, பின்தொடர்பவர் கண்ணுக்குத் தெரியார் என்பதே. கேட்கப்படுதல் வேறு, வேவு பார்க்கப்படுதல் வேறு.

ஆதலால் இவ்வரலாறு எமக்குக் கற்பிப்பது யாது? ஒருவரின் வாழ்வைப் பற்றி முதற்சாட்சி அவரே. அச்சாட்சியையும் காலங் கடத்தாது கேட்டல் வேண்டும். இதற்குப் பேஜரும் வேண்டாம், கைத்தொலைபேசியும் வேண்டாம். பாடசாலை விட்டு வரும் தம்பியிடமும் தங்கையிடமும், "எத்தனை மாக்ஸ்?" என்று கேட்குமுன், "இப்போது மனம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டு, அவர் சொல்லும் விடையைத் திருத்தாமல் முழுவதும் கேட்கும் பொறுமை போதும். எம்மைப் போன்ற இளைஞர் சங்கங்கள் இளையோருக்காக விழாக்களும் வகுப்புக்களும் வகுக்குமுன், அவ்விளையோரின் ஒரு நாள் எப்படிக் கழிகின்றது என்று அவர்களையே விசாரித்தறியுமாக. தீர விசாரித்த பின்னரே பேச்சுக்கு உரிமை பிறக்கின்றது.